சோதனைக்கு நிற்பது யார்?

தங்கவயலில் ஸ்கெலட்டன் என்று ஓர் இடம் இருக்கிறது. புதிதாக வருகிறவர் பெயரைக் கேட்டதும் எலும்புக்கூட்டை நினைத்துக் கொள்வார். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது வெறும் ஊர்ப்பெயர்தான். தபால் உறையின் மேல் எழுதும் விலாசம்.

இந்த ஸ்கெலட்டனிலிருந்தும், சாம்பியன் ரீப், மாரிக்குப்பம், உரிகம், ஆண்டர்சன்பேட்டை ஆகிய இடங்களிலிருந்தும் விடிவதற்கு முன்பே எழுந்து பெங்களூர் ரெயிலைப் பிடிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 2001-ம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசியில் சுரங்கம் மூடப்பட்டது முதல் ஊருக்குச் சோறு போடுவது அந்த ரெயில்தான். பங்காருப்பேட்டையைத் தாண்டினால் உட்கார இடம் கிடைக்காது.

அந்த வீடுகளிலிருந்து சில பையன்கள் இப்போது பெங்களூரோடு நிற்பதில்லை. துபாய், மஸ்கட், தோகா என்று விமானம் ஏறுகிறார்கள். தேவனஹள்ளி விமான நிலையத்தில் முதல் தடவையாக வரிசையில் நிற்கிறான் பையன். பெல்ட்டைக் கழற்று, பர்சை எடுத்து வை, கையை விரி என்கிறார் காவலர். தோளிலிருந்து கணுக்கால் வரை தடவிப் பார்க்கிறார். பையனுக்கு முகம் சுருங்கி விடுகிறது.

வீட்டுக்குப் போன் செய்து சொன்னால் தாத்தாவுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. அவர் இருபது முப்பது வருஷம் தினமும் அப்படி நின்றவர்.

ஷாப்ட் வாசல்

1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் தங்கம் தோண்டத் தொடங்கியது. சித்தூர், வட ஆர்க்காடு, சேலம் பக்கங்களிலிருந்து ஏழை ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். மூங்கில் தட்டியால் கட்டிய லைன் வீடுகளில் குடியிருந்தார்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோ மீட்டருக்கும் அதிக ஆழம் போயிற்று. அங்கே பாறையின் சூடு உடம்பை வேகவைத்தது.

தங்கம் அப்படிப்பட்ட பொருள். நகத்திடுக்கில் ஒட்டினாலும் காசுதான். ஆகவே கம்பெனி தொழிலாளியை நம்பவில்லை. வேலை முடிந்து கூண்டில் மேலே வந்தவனை உடம்பைத் தடவிப் பார்த்த பிறகே வெளியே விட்டார்கள். இதற்கென்று வாட்ச் அண்டு வார்டு என்ற காவல் படை இருந்தது. ரெயில்வேயிலும் அந்தக் காலத்தில் இதே பெயரில் ஒரு படை உண்டு; அதுதான் 1957-ல் ரெயில்வே பாதுகாப்புப் படை ஆயிற்று.

சமஸ்தானச் சட்டமும் கம்பெனிக்குத் துணை நின்றது. தங்கம் கலந்த கல்லோ மண்ணோ ஒருவனிடம் அகப்பட்டால், அது எப்படி வந்தது என்று அவன்தான் கணக்குச் சொல்ல வேண்டும். திருடினான் என்று நிரூபிக்க வேண்டியது வழக்குப் போடுகிறவன் பொறுப்பு என்பது நாடெங்கும் உள்ள நியாயம். சுரங்க எல்லைக்குள் அது தலைகீழாக நின்றது.

திருட்டே நடக்கவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நடந்தது. ஆனால் திருடியவன் ஒருவன், கையைத் தூக்கி நின்றவர்கள் பல்லாயிரம் பேர். அந்த வரிசையில் தோல் கறுத்தவர்கள்தான் நின்றார்கள் என்பதைத் தங்கவயல் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

கைரேகை

1930-ம் ஆண்டு நாடெங்கும் உப்பு சத்தியாக்கிரகப் பேச்சாக இருந்தது. தங்கவயலில் கிளர்ச்சி வேறு காரணத்துக்காக எழுந்தது. தொழிலாளர்களின் கைரேகையை எடுத்துப் பதிவு செய்யும் புது முறையைக் கம்பெனிகள் கொண்டு வந்தன. உடனே வேலை நிறுத்தம் வெடித்தது. சங்கம் என்று சொல்லும்படி பலமான அமைப்பு எதுவும் அப்போது இல்லை. இருந்தும் சுரங்கங்கள் சுமார் மூன்று வாரம் ஓயந்து கிடந்தன.

கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்வது எவருக்கும் புரியும். விரல் நுனியில் மை தடவுவதற்காக அன்றாடங்காய்ச்சிகள் மூன்று வாரம் அடுப்பை அணைத்துப் போட்டார்கள் என்றால், அந்த மை அவர்களுக்கு எப்படிப் பட்டிருக்க வேண்டும்! கைரேகை எடுப்பது குற்றவாளிகளிடம். போலீஸ் ஸ்டேஷனில் நடக்கிற காரியம். அதை வேலைக்கு வருகிறவனிடமே கேட்டால், முதல் நாளே அவன் பெயரைத் திருடன் ஏட்டில் எழுதுவதாகத்தான் அர்த்தம்.

இது தங்கவயல்காரர்கள் மட்டும் பட்ட அவமானம் அல்ல. இன்னொரு தங்க பூமியான தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில், இந்தியர்கள் எல்லாரும் கைரேகை வைத்துப் பதிவுச் சீட்டு வாங்க வேண்டும் என்று 1906-ல் சட்டம் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு நாடகக் கொட்டகையில் கூடி, கீழ்ப்படிய மாட்டோம் என்று சபதம் எடுத்தார்கள். காந்திஜியின் சத்தியாக்கிரகம் பிறந்தது அங்கேதான். 1908-ல் சீட்டுகளைக் குவித்து எரித்தார்கள். அந்தப் போராட்டத்தில் திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போன தம்பி நாயுடு தமிழ்ச் சமூகத்தின் தலைவர்.

சோதனை எதற்கு?

இதைப் படித்துவிட்டு, விமான நிலையத்தில் சோதனையே கூடாது என்று யாராவது சொன்னால் அது அறியாமை.

1984-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி இரவு சென்னை மீனம்பாக்கத்தில் நடந்ததை மறக்க முடியாது. கொழும்பு விமானத்தில் ஏற்றுவதற்காகப் பதிவு செய்யப்பட்ட பெட்டிகள் நிலையத்திலேயே தங்கிவிட்டன. குண்டு இருப்பதாக டெலிபோனில் எச்சரிக்கை வந்தும் காரியம் நடக்கவில்லை. பெட்டி வெடித்தது. 30 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் இலங்கைப் பயணிகள் பலர். மறு ஆண்டு ஜூன் 23-ந் தேதி ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் கடலுக்கு மேலே வெடித்து 329 பேர் இறந்தார்கள். அதிலும் பெட்டி ஏறியது, பெட்டிக்குச் சொந்தக்காரன் ஏறவில்லை.

1999 டிசம்பர் 24-ந் தேதி காட்மாண்டுவிலிருந்து டெல்லிக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கந்தஹாருக்குக் கடத்தப்பட்டது. அதன் பிறகு விமான நிலையங்களின் காவல் படிப்படியாக மத்திய தொழில் பாதுகாப்புப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. 2000-ம் ஆண்டு ஜெய்ப்பூரில் ஆரம்பித்தார்கள். அதுவரை அந்தந்த மாநிலப் போலீசார் பார்த்து வந்த வேலை அது.

ஆகவே பையை எக்ஸ்ரே பெட்டிக்குள் தள்ளுவதிலோ, ஆளை உலோகம் காட்டும் கதவு வழியாக அனுப்புவதிலோ தப்பு ஒன்றும் இல்லை. எல்லாரையும் அனுப்பினால் யாருக்கும் அதில் தாழ்வு இல்லை. யாரை விடுவது, யாரை நிறுத்துவது என்று முகத்தையும் பெயரையும் பேச்சையும் பார்த்து முடிவு செய்யும்போதுதான் தகராறு வருகிறது.

ராமேசுவரத்துக்காரர்

2009-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி. டெல்லி விமான நிலையம். முன்னாள் ஜனாதிபதி அப்துல் கலாம் அமெரிக்க கான்டினென்டல் விமானத்தில் ஏறப் போனார். நமது நாட்டு விதிப்படி முன்னாள் ஜனாதிபதியைச் சோதனை போடக் கூடாது. ஆனால் விமானக் கம்பெனியின் ஆட்கள் அவரை நிறுத்தித் தடவிப் பார்த்தார்கள். காலணியையும் கழற்றச் சொன்னார்கள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கழற்றிக் கொடுத்துவிட்டு ஏறிப் போய்விட்டார். புகாரும் கொடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து, ஜூலையில்தான் விஷயம் வெளியே வந்து பாராளுமன்றத்தில் கூச்சல் எழுந்தது. கம்பெனி மன்னிப்புக் கேட்டது.

அதோடு முடியவில்லை. 2011 செப்டம்பர் 29-ந் தேதி நியூயார்க்கில் ஏர் இந்தியா விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு, அமெரிக்கக் காவலர்கள் உள்ளே வந்து அவருடைய கோட்டையும் காலணியையும் வாங்கிக் கொண்டு போய்ச் சோதித்தார்கள். அமெரிக்க அரசாங்கம் பிறகு வருத்தம் தெரிவித்தது.

நடிகர் கமல்ஹாசனுக்கும் 2002-ல் கனடாவின் டொரன்டோ விமான நிலையத்தில் இப்படி ஓர் அனுபவம். நியூயார்க் இரட்டைக் கோபுரம் இடிந்த மறு வருஷம் அது. ஹாசன் என்ற பெயரின் ஒலி போதுமானதாக இருந்தது. பரமக்குடியில் பிறந்தவர் என்பதெல்லாம் அந்த அதிகாரிக்கு எங்கே தெரியப் போகிறது?

கலாமுக்கு நேர்ந்ததைக் கேட்டு நாடே கொதித்தது. கொதித்ததில் தப்பில்லை. ஆனால் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று பலர் கேட்ட கேள்வி, 'அவரைப் போய்ச் சோதிக்கலாமா?' என்பது. பட்டியலில் இருக்கிற பெரிய மனிதர்களை விட்டுவிட வேண்டும் என்பது அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. சோதனை வேண்டாதவர்கள் பட்டியல் நமது நாட்டில் நீளமானது. ஜனாதிபதி, பிரதமர், கவர்னர்கள், முதல்-மந்திரிகள், சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் என்று போகிறது. ஸ்கெலட்டனில் இருக்கிற எவர் பெயரும் அந்தப் பட்டியலில் வராது. பட்டியலை இன்னும் நீட்டுவதால் அவர்களுக்கு என்ன லாபம்? அந்தப் பட்டியலைப் பற்றி வாய் திறக்காமல் காலணியைக் கழற்றிக் கொடுத்த கலாமே இதைச் சரியாகப் புரிந்து கொண்டவர் என்று தோன்றுகிறது.

பேச்சுத் தெரியாவிட்டால்

கர்நாடகத்தில் வாழும் தமிழர்களுக்கு மொழி விஷயத்தில் பட்டறிவு உண்டு. கன்னடம் பேசக் கற்றுக் கொண்டவர்கள், கடைத்தெருவிலும் ஆபீசிலும் அதைக் கொண்டு காலம் தள்ளுகிறவர்கள். விமான நிலையத்தில் கன்னடமும் உதவாது, தமிழும் உதவாது என்ற நிலை வரும்போதுதான் திகைக்கிறார்கள்.

2020 ஆகஸ்டு 9-ந் தேதி சென்னை விமான நிலையத்தில் தூத்துக்குடி எம்.பி. கனிமொழியிடம் பாதுகாப்புப் படை அதிகாரி ஒருவர் இந்தியில் பேசினார். இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ சொல்லுங்கள் என்றார் அவர். நீங்கள் இந்தியரா என்று அந்த அதிகாரி கேட்டதாகக் கனிமொழி தெரிவித்தார். படைத் தலைமை விசாரணைக்கு உத்தரவிட்டது. எந்த மொழியையும் வற்புறுத்துவது தங்கள் கொள்கை அல்ல என்றும் சொன்னது. தமக்கும் இப்படி நேர்ந்திருக்கிறது என்று முன்னாள் மந்திரி ப.சிதம்பரம் மறுநாள் கூறினார்.

மூன்று வருஷம் கழித்து, 2023 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் தமிழ்நாட்டு இளம்பெண் ஒருவரிடம், இந்தி தேசிய மொழி, கற்றுக் கொள்ளுங்கள் என்று காவலர் சொன்னதாகப் புகார் எழுந்தது. முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் கண்டனம் தெரிவித்தார்.

அரசியல் சட்டத்தில் தேசிய மொழி என்று ஒன்று கிடையாது. 343-வது பிரிவு இந்தியை மத்திய அரசின் ஆட்சி மொழி என்றுதான் சொல்கிறது. இதைக் காவலருக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தந்திருந்தால் எம்.பி.யும் இந்தியர்தான் என்பது அவருக்கு எளிதாக விளங்கியிருக்கும்!

எம்.பி.க்குப் பத்திரிகை இருக்கிறது. கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பத்தாவது தாண்டாத ஒரு வெல்டரிடம் இதே கேள்வி கேட்கப்பட்டால், அது எந்தப் பத்திரிகையிலும் வராது. அவன் பயந்து தலையை ஆட்டிவிட்டுப் போவான்.

உடம்பில் குறை உள்ளவர்கள் படும் பாடு வேறு. நடனக் கலைஞரும் நடிகையுமான சுதா சந்திரன் செயற்கைக் காலோடு ஆடிப் புகழ் பெற்றவர். ஒவ்வொரு விமான நிலையத்திலும் அந்தக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள், இதற்கு ஒரு அட்டையாவது கொடுங்கள் என்று 2021 அக்டோபரில் பிரதமருக்கு வேண்டுகோள் விடுத்தார். பாதுகாப்புப் படை வருத்தம் தெரிவித்தது. பாறை விழுந்து கால் போன சுரங்கத் தொழிலாளர்களைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு இந்த வேண்டுகோளின் வலி தெரியும்.

ஆரஞ்சு நிறப் பாஸ்போர்ட்டு

வளைகுடாவுக்குப் போகிற ஏழைத் தொழிலாளிக்கு விமான நிலையத்தில் இன்னொரு சோதனை உண்டு. அது உடம்புச் சோதனை அல்ல, படிப்புச் சோதனை.

1983-ம் ஆண்டு வந்த குடியேற்றச் சட்டப்படி, மெட்ரிக் தேறாதவர்கள் குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் தனி அனுமதி பெற வேண்டும். சவுதி, குவைத், ஓமன், மலேசியா உட்பட 18 நாடுகள் அந்தப் பட்டியலில் வைக்கப்பட்டன. அவர்களுடைய பாஸ்போர்ட்டில் இதற்கான குறிப்பு இருக்கும். ஏஜெண்டுகளிடம் ஏமாந்து அடிமைபோல் சிக்கிக் கொள்ளாமல் காப்பாற்றுவதற்காகச் செய்த ஏற்பாடு இது. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகிறவனையும் கவுண்ட்டரில் நிறுத்தி வைத்து அதிகாரி துருவினால், அந்தப் பாதுகாப்பே தண்டனையாகி விடுகிறது.

2018 ஜனவரியில் வெளிவிவகார இலாகா ஓர் அறிவிப்புச் செய்தது. இப்படிப்பட்டவர்களின் பாஸ்போர்ட்டுக்கு இனி ஆரஞ்சு நிற அட்டை. மற்றவர்களுக்கு வழக்கமான நீலம். கையிலிருக்கும் அட்டையின் நிறத்தைப் பார்த்தே இவன் படிக்காதவன், ஏழை என்று தூரத்திலிருந்து சொல்லிவிடலாம். பிறகு அவனிடம் பேசுகிற குரலே மாறிவிடும். நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. கேரளத்தில் ஐகோர்ட்டுக்கும் போனார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டது.

இந்தச் செய்தி நம் பக்கத்துப் பத்திரிகைகளில் சின்னதாகத்தான் வந்தது. அதிகம் பேசியிருக்க வேண்டியது இதைத்தான். கலாம் காலணியைக் கழற்றியது ஒரு நாள் நிகழ்ச்சி. ஆரஞ்சு அட்டை நடைமுறைக்கு வந்திருந்தால், லட்சக்கணக்கான தொழிலாளிகள் ஒவ்வொரு பயணத்திலும் தங்கள் ஏழ்மையைக் கையில் தூக்கிக் காட்டிக் கொண்டு நடந்திருப்பார்கள்.

இப்போது முகம்

1930-ல் விரலைக் கேட்டார்கள். இப்போது முகத்தைக் கேட்கிறார்கள்.

2022 டிசம்பர் 1-ந் தேதி டெல்லி, பெங்களூர், வாரணாசி விமான நிலையங்களில் டிஜி யாத்ரா என்ற ஏற்பாடு தொடங்கியது. பயணி தன் ஆதார் விவரத்தையும் முகப் படத்தையும் செல்போன் வழியாகப் பதிந்து கொள்ள வேண்டும். பிறகு வாசலில் இருக்கும் கேமரா முகத்தைப் பார்த்துக் கதவைத் திறந்துவிடும். காகிதம் காட்ட வேண்டாம். வரிசையும் சீக்கிரம் நகரும். அவசரக்காரர்களுக்கு நல்ல வசதிதான்.

இதை நடத்துவது அரசாங்க இலாகா அல்ல. டிஜி யாத்ரா பவுண்டேஷன் என்ற கம்பெனி. விமான நிலைய ஆணையத்துக்கு அதில் 26 சதவீதம். மீதியை டெல்லி, பெங்களூர், ஐதராபாத், மும்பை, கொச்சி விமான நிலையங்கள் பங்கு போட்டுக் கொண்டிருக்கின்றன. விருப்பப்பட்டவர்கள் சேரலாம், கட்டாயம் இல்லை என்பது விதி. விமானம் புறப்பட்ட 24 மணி நேரத்துக்குள் விமான நிலையத்தில் உள்ள விவரம் அழிக்கப்படும் என்றும் சொல்கிறார்கள். ஆனால் வாசலில் நிற்கும் ஊழியர்கள், கேட்காமலே பயணிகளின் முகத்தைப் படம் பிடித்துச் சேர்த்துவிடுகிறார்கள் என்று புகார்கள் எழுந்தன. முதல் தடவை விமானம் ஏறுகிறவன் எது கட்டாயம், எது இஷ்டம் என்று எப்படி அறிவான்? சீருடை போட்டவர் கேமராவைப் பார் என்றால் பார்ப்பான்.

கேள்வி கேட்கும் உரிமைக்கு வழி திறந்தவர் ஒரு கர்நாடகக்காரர் என்பது இங்கே சொல்ல வேண்டிய விஷயம். கர்நாடக ஐகோர்ட்டின் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி, ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அப்போது அவருக்கு வயது எண்பதுக்கு மேல். அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்டு 24-ந் தேதி 9 நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் என்பது குடிமகனின் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். அரசாங்கம் ஒருவனுடைய அந்தரங்கத்தில் கை வைக்க வேண்டுமானால் அதற்குச் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தேவைக்கு மேல் போகக் கூடாது. புட்டசாமி 2024 அக்டோபரில் காலமானார்.

போகிறவர்கள் தெரிந்து கொள்ள

தீர்ப்பு பெரிய கோர்ட்டில் இருக்கிறது. வரிசையில் நிற்கிறவனுக்கு உதவுவது சின்னச் சின்ன விஷயங்கள்.

பெண்களைப் பெண் காவலர்தான் சோதிக்க வேண்டும், அதுவும் திரை மறைவில். வேறு யாரும் கை வைக்க வந்தால் மறுக்கலாம். ஆடையையோ உறுப்புக் கருவியையோ அகற்றும்படி சொன்னால், எல்லார் எதிரிலும் முடியாது, தனி அறை வேண்டும் என்று கேட்கலாம். சொல்வது புரியாவிட்டால் புரியவில்லை என்று தன் மொழியிலேயே நிதானமாகச் சொல்லலாம்; அதற்காக யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. கோபத்தில் குண்டு, கத்தி என்று வேடிக்கைக்குக் கூட வாய் தவறக் கூடாது. அதற்குப் பிடித்து வைப்பார்கள்.

பாஸ்போர்ட்டில் அந்தக் குறிப்பு இருந்து, பிறகு மெட்ரிக் தேறியவர்கள், சர்டிபிகேட்டைக் காட்டி அதை நீக்கி வேறு பாஸ்போர்ட்டு வாங்கிக் கொள்ளலாம். வாங்காமல் விட்டுவிட்டுக் கவுண்ட்டரில் நின்று வாதாடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

தவறாக நடத்தப்பட்டால், காவலரின் சட்டையில் உள்ள பெயர், நேரம், வாசல் எண் மூன்றையும் குறித்துக் கொள்வது நல்லது. விமான நிலைய மானேஜரிடம் எழுதிக் கொடுக்கலாம். ஏர்சேவா என்ற அரசாங்கப் புகார்ப் பிரிவுக்கும் அனுப்பலாம். புகார் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினால் போதும். படித்த பிள்ளைகள் தங்கவயலில் வீட்டுக்கு ஒருவர் உண்டு.

டிஜி யாத்ரா கேமராவில் முகம் காட்ட விருப்பம் இல்லாதவர்கள் அடுத்த வரிசைக்குப் போக வேண்டும். அங்கே காவலர் நிற்பார். டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் காட்டினால் உள்ளே விடுவார். பத்து நிமிஷம் கூடுதலாகும். அதற்குத் தகுந்தாற்போல் மாரிக்குப்பத்தில் முந்தின ரெயிலைப் பிடிக்க வேண்டியிருக்கும்.